பெயரை விட்டு வீட்டைத் தொடருங்கள்: வட நோர்வேயில் ஸாமி, க்வேன் முன்னோரைத் தேடும் முறை

நோர்வேயின் வடகோடியான ஃபின்மார்க் மாவட்டத்துக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கென வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பிள்ளைகள் இங்கே வளர்ந்தார்கள், இங்கேயே மணமும் முடித்தார்கள். என் பேத்தியின் பள்ளியில் குடும்ப மரம் வரையச் சொன்னபோது தாய்வழிக்கு ஐந்து தலைமுறை யாழ்ப்பாணப் பெயர்களை நான் சொல்லிக் கொடுத்தேன். தந்தைவழியோ அவளுடைய பூட்டியோடு நின்றுவிட்டது. அந்தப் பாதி மரத்தை நிரப்ப இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதன்பின் எங்கள் ஊர் நூலகத்தில் இதே தேடலில் இறங்கிய பலருக்கு உதவியிருக்கிறேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இங்கே மூன்று மக்கள் கலந்திருக்கிறார்கள். ஸாமி இந்த மண்ணின் பூர்வகுடிகள். க்வேன் என்போர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய சுவீடன்-பின்லாந்து எல்லையில் ஓடும் தோர்னே ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்தும் வட பின்லாந்திலிருந்தும் வந்த பின்னிஷ் மொழி பேசியவர்கள். மூன்றாவது, தெற்கிலிருந்து வந்த நோர்வேஜியர்கள். ஒரே வீட்டில் மூவரும் இருப்பது இங்கே வழக்கம். ஆகவே பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாவது படியிலேயே வழி தவறும்.

1. தொடங்கும் முன் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு குறிப்பேடு. ஆளுக்கு ஒரு பக்கம் என்று பிரிக்காதீர்கள், வீட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரியுங்கள். இந்தப் பகுதியில் ஆளின் பெயர் மாறும், எழுத்து மாறும், இனக் குறிப்புகூட மாறும். கணவன், மனைவி, மூத்த பிள்ளைகளின் வயது, குடியிருந்த கரை ஆகிய நான்கும் ஒருசேர மாறுவது அரிது.

ஒரு வரைபடம். அதில் ஊர்ப் பெயர்களை மூன்று மொழியிலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். வாட்ஸோ நகரம் ஸாமி மொழியில் சாஹ்சேசுவொலு, பின்னிஷிலும் க்வேனிலும் வெசிசாரி. தானா ஆறு ஸாமியில் தெஅத்னு, பின்னிஷில் தேனோ. பாட்டி சொல்லும் ஊர் நோர்வே வரைபடத்தில் இல்லை என்று சோர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஊர் வேறு பெயரில் அதே வரைபடத்தில்தான் இருந்தது.

பணம் தேவையில்லை. நோர்வே தேசிய ஆவணக் காப்பகத்தின் டிகிட்டால்ஆர்க்கீவெ தளத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் தேவாலயப் பதிவேடுகளின் படங்களும் இலவசம். புதியவர்கள் பலர் முதல் நாளே கட்டணத் தளமொன்றில் சேர்ந்து, வேறு யாரோ வரைந்த மரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரத்தில் ஒரு தவறு இருந்தால் அது பத்து மரங்களுக்குப் பரவியிருக்கும். பத்திலும் ஒரே செய்தி இருப்பதால் அது உண்மைபோலத் தோன்றும். அதில் சிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. நோர்வேயில் கணக்கெடுப்புத் தாள்கள் 100 ஆண்டுகள் மூடியிருக்கும். இப்போது திறந்திருப்பவற்றில் புதியது 1920ஆம் ஆண்டுடையது. 1920க்கும் இன்றைக்கும் நடுவில் இருக்கும் காலத்தை உயிரோடு இருப்பவர்களே நிரப்ப வேண்டும். அதனால்தான் அடுத்த படி ஆவணத்தில் தொடங்கவில்லை.

2. மூத்தவர்களிடம் உறவுமுறையைக் கேளுங்கள்

தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் இருக்கிறது. நோர்வே மொழியில் பெற்றோரின் உடன்பிறந்த பெண்கள் எல்லோரும் 'தாந்தெ', ஆண்கள் எல்லோரும் 'ஊன்கெல்'. வட ஸாமி மொழி அப்படியில்லை. அம்மாவின் அக்கா கோஅஸ்கி, அம்மாவின் தங்கை முஒத்தா, அப்பாவின் சகோதரி சியெஸ்ஸா, அப்பாவின் அண்ணன் எஅஹ்கி, அப்பாவின் தம்பி செஅஹ்சி, அம்மாவின் சகோதரன் எஅனு. பெரியம்மா, சின்னம்மா, மாமி, பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நாம் பிரிப்பதைப் போலவே அவர்களும் பிரிக்கிறார்கள். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

என் பேத்தியின் பூட்டி ஒரு பழைய படத்தைக் காட்டி, "இது தாந்தெ" என்றார். மீன் காயவைக்கும் மரச் சட்டங்களுக்கு முன்னால் ஒரு பெண், தலையில் துணி, கையில் வாளி. அவ்வளவுதான் தெரியும் என்றார். ஒரு தாளில் எழுதி வைத்திருந்த சொற்களை நான் தட்டுத்தடுமாறிப் படித்தேன்: "கோஅஸ்கியா, முஒத்தாவா, சியெஸ்ஸாவா?" அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். சிறிது நேரம் சன்னலைப் பார்த்தார். "சியெஸ்ஸா" என்றார். அந்தச் சொல்லை அறுபது ஆண்டுகளாக வாயில் எடுத்ததில்லை என்று பிறகு சொன்னார்.

அந்த ஒரு சொல்லால் படத்தில் இருந்தவர் அப்பாவின் சகோதரி என்று ஆனது. அப்படியானால் அவருக்கும் பூட்டியின் தந்தைக்கும் ஒரே தந்தைப்பெயர். 1910 கணக்கெடுப்பில் எந்த வீட்டைத் தேடுவது என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது.

எல்லோரும் இப்படிப் பேசுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஸாமி, க்வேன் மொழிகளைப் பள்ளிகளிலிருந்து அகற்றி மக்களை நோர்வேஜியராக்கும் கொள்கை இங்கே பல தலைமுறைகள் நீடித்தது. 1902ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி, நோர்வே மொழி பேசவும் எழுதவும் தெரிந்தவர்களுக்கே அரசு நிலம் விற்கப்பட்டது. அந்தக் கொள்கையை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023இல்தான் அறிக்கை தந்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. இதையெல்லாம் உடம்பில் சுமந்த ஒருவரிடம் "நீங்கள் ஸாமியா?" என்று முதல் கேள்வியாகக் கேட்பது கொடுமை.

தொழிலைக் கேளுங்கள். யாருடைய படகில் போனார்கள், எந்தக் கரையில் வைக்கோல் அறுத்தார்கள், கறி எங்கிருந்து வந்தது, கோடையில் யார் வந்து தங்கினார்கள் என்று கேளுங்கள். இவற்றுக்குத் தயங்காமல் பதில் வரும். பதிலில் ஊரும் ஆளும் தாமாகவே வந்து விழும்.

3. ஒருவருக்கு மூன்று பெயர் எழுதுங்கள்

ஸாமி வழக்கத்தில் தந்தை பெயர் முன்னால் நிற்கும், தன் பெயர் பின்னால் வரும். மாத்தே என்பவரின் மகன் ஆந்தே என்றால் ஊரில் அவர் மாத்தே-ஆந்தே. அவருடைய மகன் பியெரா, ஆந்தே-பியெரா. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகத் தாங்கும் நமக்கு இது புதிதல்ல.

தேவாலயத்தில் பாதிரியார் அதே ஆளை நோர்வே முறைப்படி ஆண்டர்ஸ் மாதிசென் என்று எழுதுவார். பக்கத்து வீட்டு க்வேன்காரர் அவரையே மத்தின் அந்தி என்பார். மூன்றும் ஒருவரே. குறிப்பேட்டின் அந்த வீட்டுப் பக்கத்தில் மூன்று பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எழுதாவிட்டால் இரண்டு மாதம் கழித்து ஒரே ஆளை இரண்டு ஆளாக்கி, இருவருக்கும் தனித்தனிப் பெற்றோரைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடிக்கடி வரும் இணைகளை மனத்தில் பதியவையுங்கள். நீல்லாஸ் நில்ஸ் ஆவார், பியெரா பேடர், யொவ்னா யோன், பிரெத் பெரித், மாரெத் மாரித், எல்லெ எல்லென். க்வேன் பக்கத்தில் ஹெய்க்கி ஹென்ரிக் ஆவார், யுஹோ யோஹான், மத்தி மாதிஸ் அல்லது மத்தியாஸ்.

குடும்பப் பெயரை நம்பாதீர்கள். 1923ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டத்துக்குப் பிறகே நிலையான குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமானது. அதற்கு முன் மகனுக்குத் தந்தை பெயரோடு 'சென்', மகளுக்கு 'டாட்டர்'. திருமணமான பெண்ணும் பழைய ஆவணங்களில் தன் தந்தையின் மகளாகவே நிற்பாள். இது தேடுபவருக்கு வரம். கணவனின் பெயருக்குள் அவள் மறைந்துவிடவில்லை. இன்றுள்ள குடும்பப் பெயரை 1875இல் தேடினால் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தாலும் அநேகமாக அது வேறு குடும்பம்.

இன்னொரு துப்பு. மூத்த பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் இங்கேயும் இருந்தது. பெயரைத் தாங்குபவன் என்பதால் பெயரன், அதாவது பேரன் என்று நாம் சொல்வதைப் போலத்தான். முதல் இரண்டு மகன்களின் பெயரைப் பார்த்துத் தாத்தாக்களின் பெயரை ஊகிக்கலாம். ஊகத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா பிறகு.

4. 1920இலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு கணக்கெடுப்பாக இறங்குங்கள்

பெயர்வாரியான கணக்கெடுப்புகள் 1801, 1865, 1875, 1891, 1900, 1910, 1920 ஆகிய ஆண்டுகளுக்கு உள்ளன. வரிசை மாறாமல் இறங்குங்கள். 1910இலிருந்து நேராக 1865க்குத் தாவியவர்கள் எல்லோரும் தவறான வீட்டில் போய் இறங்கியதையே பார்த்திருக்கிறேன். நாற்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் ஒரே கடற்கழியில் நான்கு ஓலே ஓல்சென் பிறந்து இறந்திருப்பார்கள்.

1910 கணக்கெடுப்பு பிறந்த நாளை முழுமையாகத் தருகிறது. அதனால் அதுவே உங்கள் நங்கூரம். 1900, 1875 இரண்டிலும் பிறந்த ஆண்டு இருக்கும். 1865இல் வயது மட்டும்தான். ஓரிரு ஆண்டு பிசகுவது இயல்பு, அதற்காக ஆளைத் தள்ளிவிடாதீர்கள். 1891இல் ஆளுக்கு ஒரு தாளாக எழுதினார்கள். வீடு கண்ணுக்கு ஒரே பக்கத்தில் தெரியாது. ஆகவே முதலில் 1900ஐயும் 1875ஐயும் முடித்துவிட்டு, இடைவெளியை நிரப்ப 1891க்கு வாருங்கள்.

ஒவ்வொரு வீட்டையும் கண்டதும் செய்ய வேண்டியவை மூன்று.

முதலாவது, வீட்டில் உள்ள அனைவரையும் எழுதுங்கள். உங்கள் முன்னோர் அல்லாத கிழவி, வளர்ப்புப் பிள்ளை, வேலைக்காரச் சிறுமி எல்லோரையும். நாங்கள் 1900இல் கண்ட வீட்டில் "வளர்ப்பு மகள், பிறப்பு 1891" என்று ஒருத்தி இருந்தாள். தேவையில்லை என்று விட்டுவிட்டேன். ஓராண்டு கழித்து அந்தச் சிறுமிதான் வீட்டுக்காரியின் இறந்த தங்கையின் மகள் என்று தெரிந்தது. அவளுடைய ஞானஸ்நானப் பதிவிலிருந்தே அந்தச் சகோதரிகளின் பெற்றோர் கிடைத்தார்கள்.

இரண்டாவது, மேலே இரண்டு வீடு, கீழே இரண்டு வீடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் பெயரின் எழுத்து மாறியிருந்தாலும் அக்கம்பக்கம் அதேதான் இருக்கும்.

மூன்றாவது, தட்டச்சு செய்யப்பட்ட வரியோடு நிற்காமல் மூலத் தாளின் படத்தைத் திறங்கள். படி எடுத்தவர்களும் மனிதர்களே. 1865, 1875 தாள்களில் இன்னொரு லாபமும் உண்டு: மாடு, ஆடு, கலைமான் எத்தனை என்று எழுதியிருப்பார்கள். இரண்டு மாடும் எட்டு ஆடும் இருந்த வீடு என்று தெரிந்ததும் அந்த மனிதர்கள் பெயர்களிலிருந்து இறங்கி வந்து நம் முன் நிற்கிறார்கள்.

5. இனம் குறிக்கும் எழுத்தை எப்படிப் படிப்பது

புதியவர்கள் மிகப் பெரிய தவறைச் செய்வது இங்கேதான். பழைய நோர்வே ஆவணத்தில் 'ஃபின்' என்றிருந்தால் பின்லாந்துக்காரர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நோர்வேயில் அந்தச் சொல் ஸாமியைக் குறித்தது. ஃபின்மார்க் என்ற பெயரே ஸாமிகளின் நிலம் என்ற பொருளில் வந்ததுதான். கடல்-ஃபின் என்றால் கரையோர ஸாமி, மலை-ஃபின் என்றால் கலைமான் மேய்க்கும் ஸாமி. பின்லாந்திலிருந்து வந்தவருக்கான சொல் க்வேன். 'லாப்' என்பதும் ஸாமியையே குறித்தது. அது இன்று இழிசொல். ஆவணத்தில் படியுங்கள், பேச்சில் வேண்டாம்.

வட மாவட்டங்களின் கணக்கெடுப்புகளில் இனத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஓரிரு எழுத்துதான் இருக்கும். எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பது கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறும். உதாரணமாக 1900இல் நிலையாகக் குடியிருக்கும் ஸாமியையும் நாடோடி ஸாமியையும் தனித்தனியாகக் குறித்தார்கள். ஒவ்வொரு ஆண்டின் விளக்கக் குறிப்பையும் முதலில் படித்துவிட்டுத் தாளைத் திறங்கள்.

அந்த எழுத்து கணக்கெடுப்பாளரின் எழுத்து என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் எந்த மொழி ஒலித்தது, வந்தவரின் பார்வை எப்படி இருந்தது, வீட்டுக்காரர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்ளத் துணிந்தார் என்பவையெல்லாம் சேர்ந்த எழுத்து அது. ஒரு வீடு 1875இல் ஸாமி, பிள்ளைகள் தலையெடுத்தபின் நோர்வேஜியர் என்று மாறியிருக்கும். குடும்பம் மாறவில்லை. காலம் அழுத்திய அழுத்தம் மாறியது. ஆகவே இரண்டு கணக்கெடுப்பில் எழுத்து வேறானால் "வேறு குடும்பம்" என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் ஆண்டோடு எழுதி வையுங்கள்.

6. தேவாலயப் பதிவேடுகளில் பிணைப்பை உறுதி செய்யுங்கள்

கணக்கெடுப்பு வீட்டைக் காட்டும். இன்னாரின் மகள் இன்னார் என்று உறுதி சொல்வது தேவாலயப் பதிவேடு. ஞானஸ்நானம், உறுதிபூசுதல் (வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தை உறுதி செய்யும் சடங்கு), திருமணம், அடக்கம் என்று நான்கு பகுதிகள். தேடும் வரிசை பலருக்கும் தெரிவதில்லை. முதலில் திருமணம், பிறகு உறுதிபூசுதல், கடைசியில் ஞானஸ்நானம். திருமணப் பதிவில் மணமக்களின் பிறந்த ஊரும் தந்தையர் பெயரும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு போனால் ஞானஸ்நானப் பதிவை எந்தப் பங்கில், அதாவது எந்தத் தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதியில் தேடுவது என்று தெரியும். தலைகீழாகத் தொடங்கினால் பத்துப் பங்குகளின் பக்கங்களைப் புரட்ட வேண்டும்.

உறுதிபூசுதல் பதிவை யாரும் மதிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெரியம்மைத் தடுப்பூசி போட்டிருந்தால்தான் உறுதிபூசுதலும் திருமணமும் என்று 1810இல் சட்டம் வந்தது. அதனால் பதினைந்து வயதுப் பிள்ளையின் பெயர், பெற்றோர், பிறந்த நாள் இவற்றோடு ஊசி போட்ட நாளும் அங்கே இருக்கும். கைக்குழந்தையாகப் பதிவாகாமல் விடுபட்டவர்கள் இங்கே அகப்படுவார்கள்.

ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர், அதாவது குழந்தைக்குச் சாட்சியாக நின்றவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் எழுதுங்கள். பெரும்பாலும் அவர்கள் பெற்றோரின் உடன்பிறந்தவர்களோ அண்டை வீட்டாரோதான். வழி அடைபட்ட இடத்தில் நான் மூன்று முறை வெளியேறியது ஞானத்தாயின் பெயரைப் பிடித்துத்தான்.

ஒரு பதிவேடு கிடைக்கவில்லை என்றால் அதன் பிரதியைத் தேடுங்கள். 1812 முதல் பாதிரியார் ஒன்றும் தேவாலய எழுத்தர் ஒன்றுமாக இரண்டு ஏடுகள் எழுத வேண்டும், இரண்டும் ஓர் இரவுகூட ஒரே கூரையின்கீழ் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. தீக்குப் பயந்து செய்த ஏற்பாடு. ஒன்று கருகியிருந்தாலும் மற்றது பிழைத்திருக்கலாம். இரண்டும் கிடைத்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றில் தெளிவற்ற ஊர்ப் பெயர் மற்றதில் தெளிவாக இருக்கும்.

எழுத்தைப் படிப்பதுதான் பலரை விரட்டிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை கோதிக் கையெழுத்து. நேரடியாக 1830க்குப் போகாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த, 1880ஐ ஒட்டிய ஒரு பக்கத்தை எடுத்துப் பெயர்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அதே பாதிரியாரின் கையில் பத்து ஆண்டு பின்னோக்கிப் போங்கள். கை பழகிவிடும். 1814க்கு முந்தைய பக்கங்களில் தேதிக்குப் பதில் "திரித்துவத் திருநாளுக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு" என்பதுபோல் இருக்கும். அந்த ஆண்டின் ஈஸ்டர் நாளைக் கண்டுபிடித்து எண்ணிக்கொள்ள வேண்டும்.

7. கலைமான் மேய்ப்பவர் வழி என்றால் பருவத்தைப் பாருங்கள்

கணக்கெடுப்புகள் எல்லாம் குளிர்காலத்தில் நடந்தவை. 1865, 1875 டிசம்பர் 31ஆம் தேதிக்கும், 1910, 1920 டிசம்பர் 1ஆம் தேதிக்கும் உரியவை. அப்போது மேய்ப்பவர்கள் உள்நாட்டுக் கௌதோகெய்னோ, கராஷோக் பகுதிகளில் இருப்பார்கள். கோடையில் மந்தையோடு கடற்கரைக்கு வருவார்கள். ஆகவே வீட்டை உள்நாட்டுக் கணக்கெடுப்பில் தேடுங்கள், கோடையில் பிறந்த குழந்தையைக் கரையோரப் பங்குகளின் ஏட்டில் தேடுங்கள். திருமணங்களுக்கு ஈஸ்டரை ஒட்டிய பக்கங்களை முதலில் புரட்டுங்கள். எல்லோரும் ஊரில் கூடும் காலம் அது.

1751இல் நோர்வே-சுவீடன் எல்லை வரையப்படும்வரை கௌதோகெய்னோ சுவீடனின் எனொன்தெகியோ பங்கைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிவுகளை நோர்வேயில் தேடிப் பயனில்லை. கிழக்கே நெய்டென் பக்கத்து ஸ்கோல்ட் ஸாமிகள் ரஷ்ய ஓர்த்தடொக்ஸ் திருச்சபையினர். நாம் இதுவரை பார்த்த தேவாலய ஏடுகள் லூத்தரன் திருச்சபையுடையவை; அவற்றில் அவர்கள் இல்லாததற்குக் காரணம் அதுவே.

8. க்வேன் வழி என்றால் எல்லையைக் கடக்கும் முன் பங்கின் பெயரைக் கண்டுபிடியுங்கள்

ஆல்தா அருகே கோஃபியூரில் 1826இல் செம்புச் சுரங்கம் தொடங்கியதும் க்வேன் தொழிலாளர்கள் வந்தார்கள். 1866 முதல் 1868 வரை பின்லாந்தில் நிலவிய பெரும்பஞ்சம் இன்னும் பலரை வாட்ஸோ இருக்கும் வராங்கர் கரைக்குத் துரத்தியது. 1875இல் வாட்ஸோ மக்களில் பாதிக்கும் மேல் க்வேன்கள். பஞ்சத்துக்கும் போருக்கும் ஊரை விட்டு, மீனை நம்பி இந்தக் கரைக்கு வந்தவர்கள் நாங்கள் மட்டுமல்ல என்று அந்த ஏடுகளைப் புரட்டும்போது நெஞ்சில் பட்டது.

கணக்கெடுப்பில் பிறந்த இடம் "பின்லாந்து" அல்லது "சுவீடன்" என்று மட்டும் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள். ஒரு நாட்டில் ஹென்ரிக் யோஹான்சன்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பங்கின் பெயர் வேண்டும். அதைத் தேட நான்கு இடங்கள்: திருமணப் பதிவு, மூத்த பிள்ளையின் உறுதிபூசுதல் பதிவு, பங்குக்குள் வந்தவர்களின் பட்டியல், கூடவே வந்த உடன்பிறந்தவரின் அடக்கப் பதிவு. தன்னுடைய பதிவில் இல்லாத ஊர் தம்பியின் பதிவில் இருந்த கதைகள் பல.

பங்கு கிடைத்துவிட்டால் வேலை பாதி முடிந்தது. பின்லாந்துப் பக்கத்துக்குப் பின்லாந்து வம்சாவழிச் சங்கத்தின் ஹிஸ்கி தேடல் பட்டியல் உண்டு. சுவீடன் பக்கத்துக்கு அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் படங்கள் உண்டு. இரண்டும் இலவசம். அங்கே ஹெய்க்கி என்று தேடாதீர்கள். பின்னிஷ் பேசிய மக்களின் ஏடுகளையும் பாதிரியார்கள் நெடுங்காலம் சுவீடிஷ் மொழியில் எழுதினார்கள். வீட்டில் ஹெய்க்கி, ஏட்டில் ஹென்ரிக்.

இந்த இரு நாடுகளிலும் நோர்வேயில் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. ஒரு வீட்டாரைப் பல ஆண்டுகளுக்கு ஒரே பக்கத்தில் தொடரும் வீட்டுச் சோதனை ஏடுகள் அவை. பாதிரியார் வாசிப்பையும் மறைக்கல்வியையும் சோதித்துக் குறித்துக்கொண்டவை. பிறந்தவர், மணமானவர், இறந்தவர், "நோர்வேக்குப் போனார்" என்று கோடு போட்டு அடிக்கப்பட்டவர் எல்லோரும் அந்த ஒரே பக்கத்தில். அந்தக் கோட்டைக் கண்டால் ஆண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆள் நோர்வே ஏட்டில் முதலில் தோன்றும் ஆண்டோடு அது பொருந்த வேண்டும்.

தோர்னே பள்ளத்தாக்கில் பெயர் வீட்டைத் தொடரும், ஆளைத் தொடராது. நியெமி என்ற வீட்டிலிருந்து வேறு வீட்டுக்குக் குடிபோனவர் அந்த வீட்டுப் பெயரால் அறியப்படுவார். 1809இல் பின்லாந்து ரஷ்யாவின் கைக்குப் போனபோது ஆறே எல்லையானது. இரு கரையும் சேர்ந்திருந்த பங்குகள் பிளந்தன. 1809க்கு முந்தைய பிறப்பு பின்லாந்துப் பக்கத்தில் இல்லை என்றால் எதிர்க்கரையின் பழைய ஏட்டைத் திறங்கள்.

9. 1944ஐ ஒட்டிய இடைவெளி

1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க்கையும் வட ட்ரோம்ஸையும் எரித்தது. ஏறக்குறைய 11,000 வீடுகள் சாம்பலாயின. சுமார் 50,000 பேர் தெற்கே விரட்டப்பட்டார்கள். குடும்பப் படம், கடிதம், பிறப்புகள் எழுதிய வேதாகமம் எல்லாம் வீட்டோடு போயின. தேவாலயங்களும் பல எரிந்தன. "எங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல.

எரிந்தது எது, பிழைத்தது எது என்று பங்குவாரியாகப் பாருங்கள். ட்ரோம்ஸோவில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்துக்கு முன்பே போய்விட்ட ஏடுகள் பிழைத்தன. எரிந்த ஆண்டுகளுக்கு எழுத்தர் பிரதி, கல்லறைப் பட்டியல், சொத்துப் பங்கீட்டு ஆவணம், பள்ளி ஏடு ஆகியவற்றை இந்த வரிசையில் முயலுங்கள். தெற்கே ஒதுங்கியிருந்தபோது பிறந்த குழந்தையின் ஞானஸ்நானம் ஒதுங்கிய ஊரின் ஏட்டில் இருக்கும். இதை மறந்து சொந்த ஊரிலேயே தேடி ஏமாறுபவர்கள் பலர். படங்கள் தெற்கே இருக்கும் உறவினரிடம் இருக்கக்கூடும். எரிவதற்கு முன் அனுப்பப்பட்டவை அவை. எங்கள் படமும் அப்படி வந்ததுதான்.

10. எழுதி முடித்தபின் திரும்பிப் போங்கள்

ஒவ்வொரு பிணைப்பின் பக்கத்திலும் 'உறுதி', 'அநேகமாக', 'ஊகம்' என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். எந்த ஏடு, எந்தப் பக்கம் என்பதையும். பிற்பாடு யாராவது கேட்டால் நினைவை நம்ப வேண்டியிருக்காது.

ஸாமி நாடாளுமன்றத்தின் வாக்காளர் பட்டியலில் சேர்வதற்காகத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே கேட்பது மொழி. தன்னை ஸாமி என்று கருதுவதோடு, தானோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பூட்டன் பூட்டியோ ஸாமியை வீட்டு மொழியாகக் கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தாயோ தந்தையோ அந்தப் பட்டியலில் இருக்கவோ இருந்திருக்கவோ வேண்டும். மரபணுச் சோதனையின் விழுக்காடு அங்கே செல்லாது. அதற்குச் செலவிடும் பணத்தில் ட்ரோம்ஸோவுக்குப் போய் வரலாம். இனத்தோடு மொழியையும் குறித்த கணக்கெடுப்புத் தாள்கள்தான் உங்களுக்கு உதவும்.

உயிரோடு இருப்பவர்களின் பெயரையும் பிறந்த நாளையும் இணையத்தில் ஏற்றாதீர்கள். மரத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, முதலில் உங்களோடு பேசிய மூத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மூன்று பெயர்களையும் எழுதிக் கொடுங்கள்.

நான் கொடுத்த தாளைப் பூட்டி மேசையில் விரித்து, மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். 1865ஆம் ஆண்டு வீட்டில் இருந்த பெரித் என்ற பெயரில் விரல் நின்றது. "பிரெத்-ஆஹ்க்கு" என்றார். பிரெத் பாட்டி என்று பொருள். தன் தகப்பனார் சொல்லிக் கேட்ட பெயர், ஆற்று முகத்தில் குடிசை போட்டிருந்தவள், பனிப்புயலில் இரண்டு பிள்ளைகளைச் சுமந்து வந்தவள் என்று சொல்லத் தொடங்கினார். குறிப்பேட்டில் புதுப் பக்கம் எடுத்தேன். எந்த ஆறு என்று கேட்டேன்.